கீழ்வீட்டுச் சூடு

எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு தனி கேஸ் பாய்லர். அதைக் குளிக்க மட்டும் பயன்படுத்தி, வீட்டைச் சூடாக்கும் பக்கமே திருப்பாமல் இரண்டு குளிர்காலத்தை ஓட்டியவன் நான். ருமேனியாவில் எங்கள் ஊரான போதோஷானியின் ஜனவரியில் வெளியே போனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். என் வீட்டிலோ பதினெட்டு டிகிரி.

ரகசியம் இவ்வளவுதான். நான் மூன்றாம் மாடி. எனக்கு நேர் கீழே ஸம்ஃபிரா அக்கா, தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்துநாலு டிகிரிக்குக் குறைந்தால் அவருக்கு முட்டி வலிக்கும். அவர் வீட்டுச் சூடு கூரை வழியே ஏறி என் தரைக்கு வந்துவிடும். அந்த முட்டிவலி குணமாகிவிடக் கூடாதே என்று நான் மெழுகுவத்தி ஏற்றாத மாதா கோயில் இல்லை.

மேலே ஹரலம்பி. அவர் வீட்டுத் தரை ஐஸாக இருக்கிறதாம். கம்பளிக் காலுறையை இரட்டையாகப் போட்டுக்கொண்டு படியில் நின்று புலம்புவார். பழைய கட்டடம், என்ன செய்வது என்று நானும் கூடவே புலம்புவேன்.

கேஸ் பில்லை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே பட்டம் அது. என் மனைவி ஸ்மராந்தா ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பாள்.

நவம்பரில் இடி விழுந்தது. ஸம்ஃபிரா அக்கா இத்தாலியில் மகள் வீட்டுக்குப் போகிறாராம், ஈஸ்டருக்குத்தான் திரும்புவாராம்.

"போச்சா. இனியாவது பாய்லரத் திருப்புங்க, ஆக்டாவ்," என்றாள் ஸ்மராந்தா.

திருப்புவேனா? சர்மாலே செய்தேன். முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி நாலு மணி நேரம் வேகவிட்டு, பானையோடு கீழே போனேன்.

"எதுக்குக்கா அவ்ளோ தூரம்? பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும், அதான் கூப்பிடறா. அங்க போய் ஆயா வேலையா பாக்கப் போறீங்க?"

"மகளாச்சே தம்பி."

"நாங்க மட்டும் யாரு? நீங்க இல்லாம இந்தக் கட்டடத்துல எங்களுக்கு யாருக்கா இருக்கா?"

அவர் கண் கலங்கிவிட்டது. தன்னிடம் இப்படி யாரும் சொன்னதில்லை என்றார். எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடி வரை இருந்தது. அடுத்த நாள் அக்கா பயணத்தை ரத்து செய்துவிட்டார் என்று கேட்டதும் வெட்கம் போய் பசி வந்தது.

டிசம்பரின் முதல் பெருங்குளிர் அன்று காலை, கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தேன். தரை சில்லிட்டது. ஐயோ, மனுஷி போய்ச் சேர்ந்துவிட்டாளா? பைஜாமாவோடு படியில் ஓடினேன்.

கதவைத் திறந்த அக்கா கோட்டு, தொப்பி, கையில் கம்பளி பின்னும் பையோடு நின்றார்.

"பாய்லர் கெட்டுப் போச்சாக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. அணைச்சுட்டேன்."

"அப்ப முட்டி?"

"அதத்தான் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுக் கிளம்பறேன். பாய்லர்லேருந்து உங்க ரூம் ரேடியேட்டர்ல சுடுதண்ணி ஓடுனா என் தலைக்கு மேல சத்தம் வரும் தம்பி. ரெண்டு வருஷமா மூச்சுப் பேச்சக் காணோம். முப்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்தவ நான். எந்தக் கவர யாரு பிரிச்சுப் பாத்து ஒட்டுனாங்கன்னு தொட்டாலே தெரியும்."

"அதில்லக்கா..."

"போகாதீங்கன்னு சொன்னது நீங்கதான? நான் போகல. வழிய விடுங்க."

நான் பின்னாலேயே மேலே போவதற்குள் ஸ்மராந்தா பாய்லரைத் திருப்பி, அக்காவுக்கு ரேடியேட்டர் பக்கத்தில் நாற்காலியும் போட்டிருந்தாள். இருபத்துநாலு டிகிரி. அன்றிலிருந்து அக்கா காலை எட்டு மணிக்கு வருவார், தூங்கத்தான் கீழே போவார். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து என் பட்டத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்மராந்தா கடைச் சாமான் எழுதினாள்.

கிறிஸ்துமசுக்கு நாலு நாள் முன்பு மணி அடித்தது. ஹரலம்பி. கையில் ஒரு பானை, சர்மாலே வாசனை.

"மாமனார் ஊருக்குப் போறீங்களாமே, ஆக்டாவ்?"

"ஆமா, ஒரு வாரம்."

"போகாதய்யா. நீ இல்லாம இந்தக் கட்டடத்துல எனக்கு யாரு இருக்கா?"

எனக்கு நெஞ்சே உருகிவிட்டது. பானையை வாங்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். மனுஷன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.