நழுவ வேண்டிய இரண்டு கட்டுகள்

...இரண்டே இரண்டு கோதுமைக் கட்டு, அதற்கு மேல் கேட்கவில்லை எனக்கு நிச்சயமான டோர்கில், காலையில் லாயத்துப் பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "ரெண்டு கட்ட நழுவ விடு ராக்னில்ட், போதும், பொம்பளையால ஆகாதுன்னு சிரிச்சிட்டு வண்டிய வாங்காமப் போயிடுவாங்க," எவ்வளவு சுலபம், விரலைத் திறந்தால் முடிந்தது, ஆனால் இதோ கித்தான் பட்டை சுழன்று சுழன்று அறுத்த கோதுமையை என் முன்னால் கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஒரு பிடித் தாளை எடு, கயிறு மாதிரி பிரியாக முறுக்கு, கட்டைச் சுற்று, இறுக்கு, செருகு, கீழே தள்ளு, அதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, இதில் எங்கே நழுவ விடுவது? முன்னும் பின்னும் இடுப்புயரப் பலகை, பக்கத்தில் சக்கரம், குதிரைகள் நிற்காமல் இந்த அறுவடை வண்டியை விட்டு இறங்கவும் முடியாது, மூக்கு அரிக்கிறது, சொறியக் கை இல்லை. எல்லாம் சித்தப்பா செய்த வேலை. வண்டி விற்க வந்தவர், "இதுல ஏறிக் கட்டிக் காட்ட ஒரு பொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டதும், "நம்ம வீட்லயே ஒருத்தி சும்மாத்தானே இருக்கா," என்று என்னைக் காட்டிவிட்டார். சும்மாவா? நார்வேயை விட்டு இல்லினாய்ஸ் வந்த ஐந்து வருஷமாக விடியற்காலையில் அவருடைய பதினோரு மாட்டையும் கறப்பது யாராம்?

வண்டியை வாங்கலாமா என்று பார்க்க வந்த ஊர்க்காரர்கள் கூட்டம் வயலோரமாகக் கூடவே நடந்து வருகிறது. விற்பவர் தொப்பியை ஆட்டுகிறார், "பாத்துக்கோங்கய்யா, பின்னாடியே குனிஞ்சு கட்டிக்கிட்டு வர ஆறு ஆளு எதுக்கு, உங்க வீட்டு வேலைக்காரி போதும்." அந்த ஆறு பேரும் இங்கேதான் வருகிறார்கள், டோர்கில் அதில் ஒருவன், அறுப்பு வேலை போனால் அவனுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது, மரம் வெட்ட வடக்கே போய்விடுவான், அறுப்பு முடிந்து வைத்திருக்கிற கல்யாணம் என்ன ஆவது... சரி, இந்தக் கட்டு. ஐயோ, கட்டியாகிவிட்டது. அடுத்தது. என்ன கை இது, சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே? "அம்மாடி, என்ன வேகம் பாரேன்," என்கிறாள் யாரோ ஒருத்தி, எனக்கு முதுகெல்லாம் சிலிர்க்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது, இருபத்திரண்டு வருஷத்தில் என் கையை யார் பார்த்தார்கள்? டோர்கில்கூட மோதிரத்துக்கு அளவெடுத்தபோதுதான் பார்த்தான். அவன் கட்டுகிற வேகம் எனக்குத் தெரியும். நான் அவனைவிட வேகம். தெரியாமலே இருந்திருக்கலாம்.

கடைசிச் சுற்று. டோர்கில் வண்டியை ஒட்டி நடக்கிறான், என் விரல்களையே பார்க்கிறான், "விடு" என்று உதடு மட்டும் அசைகிறது. விடத்தானே போகிறேன், உன் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மட்டும் ஆசையா... குதிரை ஓட்டுகிற ஹால்வர் மாமா திரும்பாமலே கேட்டார், "கை வலிக்குதாம்மா? நிறுத்தட்டுமா?" ஆமாம் என்றால் போதும், நழுவ விடக்கூட வேண்டாம், ஆறு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தேன்.

"குதிரைங்கதான் மெதுவா போகுது மாமா," என்றேன். டோர்கிலுக்குக் கேட்டிருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டான், சொன்னது நான்தானா என்று யோசிக்க நேரமில்லை, கித்தானில் அடுத்தது வந்துவிட்டது.