ஒரு கரண்டி சுறா எண்ணெய்

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். மாசி மாதம் இன்பமணிக்கு மணல்வாரி அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, ஒருவழியாகப் பிழைத்து எழுந்தாள் அந்த நாலு வயதுப் பிள்ளை. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு மற்ற வீடுகளில் பத்தியம் முடிந்துவிடும். மறுநாளே மீன்குழம்பு கொதிக்கும். தாய் முத்துக்கனிக்கு அது போதவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த அம்மனுக்குக் கூடுதலாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. ஆடிக் கொடைத் திருவிழா வரைக்கும் பிள்ளை வாயில் மீன், முட்டை, பால், எண்ணெய் எதுவும் படாது என்று முத்தாரம்மன் கோவில் நடையில் நின்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். பயந்துபோன தாயிடம் யார் போய் நியாயம் பேசுவது?

அவள் புருஷன் தாணுலிங்கத்துக்குத் திரேஸ்புரத்தில் கடை. கயிறு, படகு இடுக்கில் அடைக்கிற கீல், அதோடு வள்ளத்துப் பலகை கெட்டுப் போகாமல் பூசுகிற சுறா எண்ணெய். கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்த வாடை அம்மனுக்கு ஆகாது என்று எண்ணெய் டின்களையெல்லாம் தெருப்பக்கம் தள்ள வைத்தாள் முத்துக்கனி. கடையில் நாலு பேரை மடக்கிப் பேசுகிற மனுஷன், வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். டின்களை வாசலுக்கு உருட்டினார்.

பிள்ளைக்குக் கஞ்சியும் உப்பும், தாளிக்காத பருப்புத் தண்ணீரும். ஆனி பிறந்ததிலிருந்து அவளிடம் ஒரு மாற்றம். பகலெல்லாம் தெருவில் ஓடுவாள். அந்தி மயங்கினால் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்றுதான் முத்துக்கனி நினைத்தாள்.

ஒருநாள் அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு ஓர் எட்டு தள்ளி நின்றாள். பிள்ளை கைகளைத் துழாவியபடி, "யம்மா, எங்கன இருக்க?" என்றது.

"இங்கனதான இருக்கேன், கண்ணு முன்னால."

"வெளக்குதான் தெரியுது. ஒன்னக் காணல."

முத்துக்கனி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். எங்கோ நேர்ச்சை பிசகிவிட்டது, அம்மன் கண்ணைக் கேட்கிறாள் என்றே நம்பினாள். அன்றிலிருந்து பருப்பையும் நிறுத்தினாள்.

பார்வை திரும்பவில்லை. அந்த வாரக் கடைசியில் நர்ஸ் ஆக்னஸ், தன் அண்ணன் வள்ளத்துக்குக் கயிறு வாங்கக் கடைக்கு வந்தாள். விளக்கு வைக்கிற நேரம். சுவரைத் தடவித் தடவி நடக்கிற பிள்ளையைப் பார்த்ததும் கயிறு மறந்துபோயிற்று. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழியில் நுரை காய்ந்து ஒட்டினாற்போல ஒரு திட்டு.

"என்ன சாப்பாடு குடுக்க?"

முத்துக்கனி நேர்ச்சையைச் சொன்னாள். ஆக்னஸ் திட்டவில்லை, அதுவே தாய்க்குப் பயமாக இருந்தது.

"ஏளா, இது மாலைக்கண்ணு. வைட்டமின் 'ஏ'ன்னு ஒரு சத்து. நம்ம ஒடம்புக்கு அதத் தானாச் செய்யத் தெரியாது, வாய் வழியாத்தான் போவணும். ஈரல்ல சேத்து வச்சிருக்கும். மணல்வாரி வந்து, சேத்ததையெல்லாம் கரைச்சிட்டுது. திரும்ப நெரப்ப வேண்டிய நேரத்துல நீ கதவப் பூட்டிட்ட. கீரையக் குடுத்தாலும் கூடக் கொஞ்சம் எண்ணெ இல்லாட்டா அந்தச் சத்து ஒடம்புல ஒட்டாது. இப்படியே விட்டா கருவிழி அழிஞ்சிரும். பெறவு பகலும் ராத்திரிதான்."

"அது எதுல இருக்கு சிஸ்டர்?" என்றார் தாணுலிங்கம்.

"சுறா ஈரல்ல மண்டிக் கெடக்கு அண்ணாச்சி. நீங்க டின் டின்னா விக்கியளே, அதேதான்."

அவர் பாய்ந்து போய் ஒரு டின்னைத் தூக்கினார்.

"அய்யோ, அதக் கீழ வைங்க! அது கெட்டுப்போன எண்ணெ, மரத்துக்குத்தான் ஆவும். பிள்ளைக்குச் சுத்தம் பண்ணினது வேற இருக்கு. அளவுக்கு மிஞ்சினா அதுவும் வெசம். காலைல டாக்டர்ட்ட வாங்க."

மறுநாள் டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, ஒரு குப்பி கொடுத்தார். அன்று அந்தியில் குப்பியோடு அம்மன் படத்தின் முன் உட்கார்ந்தாள் முத்துக்கனி. கொடைக்கு இன்னும் நாள் கிடந்தது. கொடுத்தால் அம்மன் கோபிப்பாள். கொடுக்காவிட்டால் கண் போகும். குப்பியைக் கீழே வைத்தாள். பழக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். ஊற்றிய கை அப்படியே நின்றது.

"ஒனக்கு ஒரு அந்தியாவது எண்ணெ ஊத்தாம இருந்திருக்கேனா தாயி? எம்பிள்ளைக்கு மட்டும் அத நிறுத்திட்டனே! அது கண்ணும் வெளக்குதான? குத்தம்னா எங்கிட்டக் கேளு. அதுகிட்டக் கேக்காத."

பிள்ளையை மடியில் போட்டு, ஒரு சின்னக் கரண்டி எண்ணெயை வாயில் விட்டாள். இன்பமணி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள்.

முத்துக்கனிக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. வெயிலே எட்டாத ஆழத்தில் சுற்றித் திரிகிற சுறா. அதன் ஈரலுக்குள், மனுஷப் பிள்ளை இருட்டில் பார்ப்பதற்கான வெளிச்சத்தை யார் கொண்டுபோய் வைத்தார்கள்? இத்தனை நாளும் அது தன் வீட்டு வாசலில், மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி வைத்த டின்னில், கிடந்திருக்கிறதே! நினைக்க நினைக்க மேலெல்லாம் புல்லரித்தது. இதுவும் அம்மன் வேலைதானோ என்று தோன்றியதும், யாரும் காணாத இருட்டில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டாள்.

டாக்டர் சொன்ன நாட்களில் மருந்து. மற்றபடி எண்ணெய் விட்டுத் தாளித்த முருங்கைக்கீரை, முட்டை, மீன். அந்தி வந்தால் மட்டும் பிள்ளையைச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்?

ஒரு மாலை, விளக்கேற்றக்கூட எழுந்திராமல் அடுப்படி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீடு மங்கிக்கொண்டு வந்தது. சத்தம் காட்டாமல் அழுதாள்.

வாசலிலிருந்து கொலுசு கேட்டது. சுவரைத் தடவுகிற சத்தம் இல்லை. இன்பமணி நேரே நடந்துவந்தாள். நடுவில் கிடந்த அரிவாள்மணையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எதிரே குந்தி உட்கார்ந்து, தாயின் கன்னத்தை ஒற்றை விரலால் துடைத்தாள்.

"என்னத்துக்கும்மா அழுத?"