கண்ணாடி காட்டாத நாள்

முதியோர் இல்லத்தின் பின்கட்டில், துவைத்த படுக்கை விரிப்புகள் காயும் கொடிகளுக்கு அருகே, முடிதிருத்துநர் தம் பெட்டியைத் திறந்தார். கத்திரி, சீப்பு, சவரக் கத்தி, நுரைக் கிண்ணம், படிகாரக் கட்டி ஆகியவற்றை வரிசையாக எடுத்து வைத்தார். கைப்பிடியுள்ள வட்டக் கண்ணாடியைத் துடைத்துக் கடைசியாக வைத்தார். மாதத்துக்கு ஒருமுறை அவர் வரும் நாளில், நடக்க முடிந்த ஆண்கள் தாமே வந்து சுவரோரப் பெஞ்சில் அமர்ந்துகொள்வார்கள். முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

முதலில் உட்கார்ந்தவருக்குக் காதோரத்தில் மட்டும் கொஞ்சம் முடி மிச்சமிருந்தது. "என்னைக் கேக்காம ஒரு முடியக்கூட வெட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் அவர்.

"ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக் கேட்டே வெட்டுறேன் பெரியவரே. உங்களுக்குன்னா அதுவும் சீக்கிரம் முடிஞ்சிடும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முடிதிருத்துநர் பெரியவரின் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி வேலையைத் தொடங்கினார். முடித்ததும் கண்ணாடியை எதிரே பிடித்து, "சரியா இருக்கா?" என்று கேட்டார். பெரியவர் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்த பின்பே துணியின் முடிச்சை அவிழ்த்தார். உட்கார்ந்தவர் யாராயினும், அவர் பார்த்துச் சம்மதிக்காமல் முடிச்சை அவிழ்ப்பதில்லை என்பது அவருடைய கடையில் எழுதாத சட்டம். இந்த இல்லத்துக்கும் அச்சட்டத்தை அவர் கூடவே கொண்டுவந்திருந்தார்.

அடுத்து, முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. காதையும் அறிவையும் தொடவில்லை. முகத்தின் ஒரு பாதி சற்றே தொங்கியிருந்தாலும், இரு முனைகளும் மேல்நோக்கிச் சீவப்பட்ட அடர்ந்த வெள்ளை மீசை அக்குறையை வெளியே தெரியவிடாமல் தாங்கி நின்றது. மாதந்தோறும் அம்மீசையைத் திருத்துவதற்கு முடிதிருத்துநர் மற்ற இருவருக்கு ஆகும் நேரத்தைச் செலவிடுவார். கண்ணாடியைக் காட்டியதும் ஓட்டுநர் இடக்கை விரல்களால் முனையை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, நாற்காலியின் கையில் இரண்டு தட்டுத் தட்டுவார். லாரியின் பக்கப் பலகையைத் தட்டி, "போகலாம், ரைட்" என்று கிளீனர் சொல்வதுபோல இருக்கும்.

"வாங்க டிரைவரண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க" என்று முடிதிருத்துநர் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டியபோது, பணிப்பெண் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அண்ணே, இனிமே எல்லாருக்கும் மீசைய எடுத்துடணுமாம். மேனேஜர் மேடம் சொல்லச் சொன்னாங்க."

கஞ்சி மீசையில் ஒட்டிக்கொள்கிறது, துடைத்து ஊட்டுவதற்குள் அடுத்தவருக்கு ஆறிப்போகிறது, கூடம் முழுவதற்கும் தானும் இன்னொருத்தியுமே இருக்கிறோம் என்று அவள் சொன்னாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. விடிந்ததிலிருந்து அவள் உட்கார்ந்தே இருக்கமாட்டாள் என்பதை அவள் நின்ற நிலையே காட்டியது.

"அவரக் கேட்டீங்களா?"

"மகன்கிட்ட ஃபோன்ல கேட்டாச்சு. உங்களுக்கு எது வசதியோ அப்படியே செய்யுங்கன்னுட்டாரு."

ஓட்டுநரின் இடக்கை துணிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஆட்காட்டி விரல் மீசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லப் போயிற்று. பிறகு உள்ளங்கை விரிந்து காற்றில் இரண்டுமுறை ஆடிற்று. கண்கள் முடிதிருத்துநரின் முகத்தில் நிலைகுத்தி நின்றன.

"என்னண்ணே சொல்றாரு? உங்களுக்குத்தான் அவர் சாடை புரியும்" என்றாள் பணிப்பெண்.

புரிந்தது. அதைவிடத் தெளிவாக வாயுள்ளவர்களும் சொல்லிவிட முடியாது. ஆனால், அவருடைய கடைக்கு எதிர்ச்சாரியில் குளிர்சாதன வசதியோடு புதிய சலூன் திறந்ததிலிருந்து, கடையின் கதவு மூடாமல் இருந்தது இந்த இல்லத்து வேலையால்தான். அந்தச் சலூன்காரர்களும் வேலை கேட்டு வந்துபோனதாக மேலாளர் அம்மையார் போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்திருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. அரிக்குதுங்கறாரு" என்றார் முடிதிருத்துநர்.

ஓட்டுநரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பணிப்பெண் அதைப் பிடித்து மடியில் வைத்து, செல்லமாகத் தட்டிக்கொடுத்தபடியே அழுத்திக்கொண்டாள். முடிதிருத்துநர் நுரையை வழக்கத்தைவிடத் தாராளமாகப் பூசினார். மீசை நுரைக்குள் மறைந்த பிறகு கத்தியை வைப்பது எளிதாக இருந்தது. வழித்து முடித்ததும், மீசை தாங்கி நின்ற உதடு ஒரு பக்கமாகச் சரிந்து கிடப்பது தெரிந்தது. ஓட்டுநர் இடக்கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடிக்காக நீட்டினார்.

முடிதிருத்துநர் அதற்கு முன்பே கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். கேட்காமலே முடிச்சை அவிழ்த்து, "அடுத்த ஆளு வாங்க" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு மிச்சமிருந்த எவருக்கும் அவர் கண்ணாடியை எடுக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம், கஞ்சி ஒட்டுகிறது என்பதற்காக ஒரு பெரியவரின் மீசையை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"அவரு என்ன சொன்னாரு?"

"அவருக்குப் பேச்சு வராது."

சொன்னது உண்மைதான். இருந்தாலும், தட்டில் இருந்த சோற்றை அளைந்துவிட்டுக் கை கழுவினார். அந்த மாதம் கடைக்கு வந்தவர்களில் சிலர், "என்னங்க, கண்ணாடி காட்ட மறந்துட்டீங்க" என்று சொல்லும்படி ஆயிற்று.

மறுமாதம் அவர் சென்றபோது பின்கட்டில் பெஞ்ச் காலியாக இருந்தது. சாப்பாடு இன்னும் முடியவில்லை, கூடத்துக்கு வரச்சொன்னார்கள் என்றார் காவல்காரர். பெட்டியும் வெள்ளைத் துணியுமாக அவர் உள்ளே போனார்.

ஓட்டுநர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடக்கையின் உள்ளங்கை மேலுதட்டையும் வாயையும் சேர்த்து மூடியிருந்தது. எதிரே கஞ்சிக் கிண்ணத்தோடு பணிப்பெண் முக்காலியில் இருந்தாள். கஞ்சியின்மேல் ஆடை படிந்திருந்தது.

"நீங்க போன அன்னிலேர்ந்து இதே கூத்துதாண்ணே. தூங்கும்போது தவிர கைய எடுக்கறதே இல்ல. கெஞ்சி ஒரு வாய் குடுத்தா, மறுபடி மூடிக்கிறாரு. அன்னிக்கு அரிக்குதுன்னாரே, அதையே டாக்டர்கிட்ட சொன்னேன். களிம்பு எழுதிக்கொடுத்தாரு. எங்க தடவ விடுறாரு?"

முடிதிருத்துநர் பெட்டியைக் கீழே வைத்தார். விரல்களின் இடுக்கில் ஒரு மாதத்து வெள்ளை முடி தெரிந்தது. ஓட்டுநர் அவரைப் பார்த்தார். கை இன்னும் இறுகியது.

ஓட்டுநர் இளைத்துக்கொண்டே போவதாக யாரோ சொல்லி, மேலாளர் அம்மையாரும் அங்கே வந்தார். கத்திப் பேசுகிறவர் அல்லர். கிண்ணத்தைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், பிறகு முடிதிருத்துநரிடம் திரும்பினார்.

"அவர் சாடை உங்களுக்குப் புரியுமாமே. ஏன் இப்படிச் செய்யறாரு?"

கேட்ட குரலில் உண்மையான கவலை இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் கரண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். காதோரத்து முடிக்காரரும் பார்த்தார். சொல்ல வேண்டிய சொற்கள் நான்கைந்துக்குமேல் இல்லை. அவற்றைச் சொன்னால், அன்றைக்கு அரிப்பு என்று சொன்னது யார் என்ற கேள்வி அடுத்து வரும்.

"சிலருக்கு அரிப்பு லேசுல போகாதுங்க மேடம்" என்றார் முடிதிருத்துநர்.

ஓட்டுநர் கண்களை மூடிக்கொண்டார்.

மேலாளர் சற்று யோசித்தார். அப்படியானால் குணமாகும் வரை, சாப்பாட்டு நேரத்துக்கும் களிம்பு தடவும் நேரத்துக்கும் மட்டும் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவைக்கலாம் என்றார். கயிறு வேண்டாம், தோல் உரிந்துவிடும், மெத்தென்ற துணியாகப் பாருங்கள் என்றும் சொன்னார். மகனிடம் தாமே பேசிக்கொள்வதாகக் கூறிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

பணிப்பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். படுக்கை விரிப்புகள் எல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. அவள் பார்வை முடிதிருத்துநரின் தோளில் கிடந்த வெள்ளைத் துணியில் வந்து நின்றது.

"அண்ணே, அதக் குடுங்களேன். பழகின துணி, மெத்துனு இருக்கும்."

அவர் துணியைக் கையில் எடுத்தார். "இது... இதுல வெட்டின முடி இருக்கும்மா" என்றார். "குத்தும் அவருக்கு."

"உதறிட்டுக் குடுங்க, சரியாப் போயிடும்."

முடிதிருத்துநர் சன்னலருகே போய்த் துணியை வெளியே நீட்டி உதறினார். திருப்பிப் பிடித்து உதறினார். வெளிச்சத்தில் விரித்து, ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். கழுத்துக்கு முடிச்சுப் போடுவதற்காகத் தைத்திருந்த இரண்டு நாடாக்களையும் நீவிவிட்டார். காலையில்தான் துவைத்து எடுத்துவந்த துணி. அதில் ஒரு முடிகூட இல்லை.

"ஆச்சாண்ணே? கஞ்சி ஆறிப்போச்சு."

"இதோம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் உதறினார்.