மாடியில் வைத்த அண்டா

சோழபுரம் கண்மாயில் தண்ணீர் திருடு போய்விட்டது. திருடன் சோலைச்சாமிதான் என்று ஊரும் முடிவு கட்டிவிட்டது. மடையைத் திறக்கிறவனும் அவன், அடைக்கிறவனும் அவன். வேறு யாரைச் சொல்வார்கள்?

மழை ஒன்றும் ஏமாற்றவில்லை. கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மடைக்கல்லின் மூன்றாம் கோடு வரைக்கும் தண்ணீர் நின்றால் முப்பத்தைந்து நாளைக்கு வரும் என்பது இருபது வருடமாக அவன் சொல்லிவரும் கணக்கு. அது ஒருநாளும் தப்பியதில்லை. இந்த மாசியில் அதே மூன்றாம் கோட்டுத் தண்ணீர் பன்னிரண்டு நாளிலேயே பாதிக்கு மேல் காலி. செங்கல் சூளைக்கு விற்றுவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு. அவனுக்கு டீக்கடைப் பக்கம் போகவே அலுத்துவிட்டது.

பாசனச் சங்கத் தலைவர் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவரிடம் போய் நின்றான்.

"தை பொறந்ததுல இருந்தே அனல் அடிக்கு அய்யா. ராத்திரியும் குளுர மாட்டேங்கு. வெயிலு குடிக்கு, பயிரும் கூடுதலாக் குடிக்கு."

"ஏலே, வெயிலு என்ன டேங்கர் லாரி எடுத்துக்கிட்டா வந்துச்சு?"

"ஒங்க மாடியிலயே ஒரு அண்டா வையிங்க. நீங்களே பூட்டுங்க. அஞ்சு நாள்ல ஒரு விரக்கடைக்கு மேல எறங்கலேன்னா நான் கள்ளன்தான்."

விளிம்பு வரைக்கும் நிரப்பி, காக்கை வாய் வைக்காமல் கம்பிவலை போட்டு மூடினார்கள். மாடிக் கதவின் சாவி பாண்டிச்செல்வத்தின் இடுப்புக்குப் போனது. அந்த ஐந்து நாளும் வெயில் அதிகமாக அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் அந்தப் பக்கத்திலேயே சோலைச்சாமி ஒருத்தன்தான்.

ஆறாம் நாள் காலை ஆறேழு பேர் மாடி ஏறினார்கள். பாண்டிச்செல்வம் வலையை எடுத்துவிட்டு விளிம்பிலிருந்து விரலை வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது விரலையும் வைத்த பிறகுதான் ஈரம் தட்டியது.

"ஏலே, நீ எடுக்கல" என்று அவன் தோளைத் தட்டினார். சோலைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை.

"அப்ப, இருக்க தண்ணி எத்தனை நாளைக்கு வரும்?"

"இந்த வெயிலுக்கு நாலு நாள், அய்யா."

"கடைமடைக்கு?"

கால்வாயின் கடைசியில் இருக்கும் அந்த வயல்களுக்கு அது எட்டாது. கடைமடையில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் வெள்ளத்தாய் அங்கேதான் நின்றாள். நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முன்பெல்லாம் எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் பயிர் காயும். ஆட்டை விற்றுச் சமாளித்துவிடுவாள். ஐந்து வருடத்தில் இது மூன்றாவது முறை. விற்க ஆடும் இல்லை.

"நீ வித்திருந்தாலே நல்லாருந்திருக்கும் சோலை" என்றாள். குரலில் கோபமே இல்லை. "வாங்குனவன் கால்ல விழுந்தாவது ரெண்டு தண்ணி கேட்டிருப்பேன். இப்ப யாருகிட்டப் போய்க் கேக்க?"

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள். கள்ளன் இல்லை என்று பெயர் வாங்கியவன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான். விற்றுத்தான் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவனுக்கே தோன்றியது.