இளவேனிலுக்கு எந்த நாற்காலி

தென்னூர் விக்டர் வரைந்த படங்களில் இருப்பவர்கள் யாரும் உயிரோடு இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, அவர் தொழில் அப்படி. யாராவது கண்ணை மூடிவிட்டால், படத்திறப்புக்கு நாள் நெருங்கும்போது வீட்டார் ஒரு பழைய போட்டோவைத் தூக்கிக்கொண்டு அவருடைய மாடி அறைக்கு ஓடி வருவார்கள். ஆதார் கார்டில் திருடனைப் போல் விழித்துக்கொண்டிருக்கும் மனிதரை விக்டர் உயர்ந்த முதுகு வைத்த, சிவப்பு வெல்வெட் போர்த்திய நாற்காலியில் உட்கார வைப்பார். கைகள் கைப்பிடியில், பாதங்கள் தரையில், பார்வை நேரே. வாழ்நாளெல்லாம் கயிற்றுக் கட்டிலைத் தவிர எதிலும் உட்காராதவருக்கும் அதே நாற்காலிதான். "அப்பா ராஜா மாதிரி இருக்காரு" என்று அழுதபடி வாங்கிக்கொண்டு போவார்கள். குறை சொன்னவர் கிடையாது.

சிவசங்கரும் அப்படி ஒரு படத்திறப்பில்தான் விக்டரின் கைவேலையைப் பார்த்தார். திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் கூட வேலை செய்பவருடைய அப்பாவின் படம். பார்த்ததும் தன் மகள் ஞாபகம் வந்ததாம். கள்ளமில்லாத மனிதர், இல்லாவிட்டால் இதை வெளியே சொல்லியிருக்க மாட்டார். மகள் இளவேனிலுக்கு எட்டு வயது. போன வருஷம் இதயத்தில் ஆபரேஷன் நடந்து பிழைத்து வந்தவள்.

"போட்டோ எல்லார் வீட்லயும் இருக்கு சார். எம் பொண்ணுக்குக் கையால வரைஞ்ச படம் வேணும்" என்றார் சிவசங்கர்.

விக்டர் வழக்கம்போல் போட்டோவைப் பார்த்து பென்சிலில் ஒரு மாதிரிப் படம் போட்டு வைத்தார். சனிக்கிழமை அதைப் பார்க்க இளவேனிலின் அம்மா யமுனா, மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தாளில் அதே உயர்ந்த நாற்காலி. கால் எட்டாத பிள்ளையாயிற்றே என்று பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி வேறு. யமுனா சுவரை நிமிர்ந்து பார்த்தாள். வாங்கிப்போக ஆள் வராத படங்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன, எல்லாம் அதே நாற்காலியில். அவள் தாளின் அடியில் காலியாக விட்டிருந்த பட்டையில் விரலை வைத்தாள்.

"இங்க எதுக்கு சார் இடம் விட்டிருக்கீங்க?"

தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி எழுதுகிற இடம் அது. கை பழக்கத்தில் தானாக விட்டிருந்தது. விக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பாப்பா பேரு எழுதலாம்னு..."

"பேருக்கு இவ்வளவு இடம் எதுக்கு?" என்றாள் யமுனா. "ஆஸ்பத்திரி வாசல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எம் பிள்ளை இந்த நாற்காலியில உக்கார மாட்டா."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். "மெல்ல, மெல்ல" என்று ஒவ்வொரு படிக்கும் அவள் சொல்வது மேலே கேட்டது.

அன்று சாயங்காலம் சிவசங்கர் போன் செய்து, வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்து வரையச் சொன்னார். விக்டர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்படியே விட்டால் அந்தத் தாய் மனதில் அந்தக் காலிப் பட்டை அழியாமல் நின்றுவிடும். அதைப் போட்டவர்தான் அழிக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது. மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார்.

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் முதல் மாடி வீடு. சிவசங்கர் ஷிப்டுக்குப் போயிருந்தார். யமுனா "வாங்க" என்றாள், காபி கொடுத்தாள். மரியாதையில் குறை இல்லை, முகத்தில்தான் சிரிப்பு இல்லை. இளவேனில் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நாற்காலி நல்லாத்தானே இருக்கு. இதுலயே உக்காந்த மாதிரி வரையலாமா?" என்று கேட்டார் விக்டர்.

"எப்பப் பாத்தாலும் இதுலதான் அங்கிள் உக்காந்திருக்கேன். படத்துலயுமா?" என்றாள் இளவேனில்.

"சரி, அது பக்கத்துல நில்லு."

எழுந்து நின்றாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. விக்டரும் யமுனாவும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தார்கள். ஆள் இல்லாத நாற்காலி. யமுனாவே அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் போட்டுவிட்டு வந்தாள்.

இப்போது வெறும் தரையில் பிள்ளை நின்றாள், வகுப்பில் டீச்சர் எழுப்பி நிறுத்தியவளைப் போல.

"கைய என்ன பண்ணணும் அங்கிள்?"

விக்டருக்கும் தெரியவில்லை. அவருடைய ஆட்களுக்குக் கைப்பிடி உண்டு. "உனக்கு என்ன பண்ணணும்னு இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்.

"பாண்டி ஆடணும்."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் யமுனா.

"டாக்டரே ஆடலாம்னு சொல்லிட்டாரும்மா."

"சொல்லிட்டாரு. அவருக்கென்ன?" யமுனா விக்டரிடம் திரும்பினாள். "இவளுக்கு மூச்சு வாங்கினா எனக்கு நெஞ்சு அடைக்குது சார். நல்லாயிட்டான்னு தெரியுது. ஆனாலும் பயமா இருக்கு."

விக்டருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புத்தி சொல்ல அவர் யார்? தன் வேலையைப் பற்றி மட்டும் சொன்னார்.

"எனக்காக ஒரே ஒரு தடவை ஆடட்டுங்க. நான் வரைஞ்ச ஆளுங்க யாரும் இதுவரைக்கும் காலைத் தூக்கினதில்ல. பாக்காம எனக்கு வராது."

யமுனா மகளின் பென்சில் பெட்டியிலிருந்து சாக்பீஸை எடுத்தாள்.

கீழே, இரண்டு கார்களுக்கு நடுவில், அவளே குந்தி உட்கார்ந்து கட்டம் போட்டாள். பிள்ளை எட்டித் தாண்ட வேண்டாத அளவுக்குக் கட்டங்கள் சின்னதாக இருந்தன. இளவேனில் குறை சொல்லவில்லை, சொன்னால் இதுவும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சில்லை எறிந்து, ஒரு காலை மடக்கித் துள்ளினாள். யமுனா, நடை பழகும் குழந்தைக்கு நீட்டுவதுபோல் கையை நீட்டிக்கொண்டு கூடவே போனாள். பிள்ளை கோடி வரை போய்த் திரும்பி, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

யமுனா மகளின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே நின்றாள்.

விக்டர் தாளில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. தேவையும் இல்லை. மடங்கிய காலையும், இரண்டு பக்கமும் விரிந்த கைகளையும், பறந்த ஜடையையும் அவர் கண் வாங்கிவிட்டிருந்தது. இந்தப் படத்தில் நாற்காலியும் இல்லை, முக்காலியும் இல்லை, அடியில் காலிப் பட்டையும் இல்லை. சாக்பீஸ் கட்டங்கள் தாளின் ஓரம்வரை ஓடும். போதும் பாப்பா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் யமுனா மெல்லக் கையை எடுத்தாள்.

"அங்கிள் சரியாப் பாத்திருக்க மாட்டாருடி" என்றாள். "இன்னொரு தடவை ஆடிக் காட்டு."

"ஆமாங்க, சரியாப் பாக்கல" என்றார் விக்டர்.

இந்தத் தடவை யமுனா கூடவே போகவில்லை.