இருபத்துநாலு குடைமிளகாய்

என் நாத்தனார் ஒடீலியா நான் சமைத்த எதையும் வாயில் வைப்பதற்கு முன்பே உப்பு பத்தவில்லை என்பாள்.

"தொட்டுக்கூடப் பாக்கலையேடி?"

"பாத்தாலே தெரியுது அண்ணி. உங்க கை ஆஸ்பத்திரிக் கை. நோயாளிக்குச் சமைக்கிற மாதிரியே சமைப்பீங்க."

முப்பது வருஷமாக இதே பேச்சு. எங்கள் தீவில் சர்க்கரை ஆலை மூடிய அடுத்த வருஷம், கோவில் திருவிழாவுக்காக வீடு வீடாகப் போகும் பரிசுத்த ஆவியின் மகுடம் ஒரு வாரம் தங்குவதற்கு ஒடீலியாவின் வீட்டுக்குச் சீட்டு விழுந்தது. மகுடம் வந்து இறங்கும் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன்.

"குடைமிளகாய் கொண்டாங்க. அண்ணனோட சாசேஜை வெச்சு. அதுக்கு உங்க உப்பு தேவைப்படாது, சாசேஜே பாத்துக்கும்."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு வீம்பு வந்தது. இந்தத் தடவை உப்பு பத்தலைன்னு நீ சொல்லத்தான் முடியுமா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வீம்புதான் தொடக்கம்.

குடைமிளகாய்க்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. தொப்பியைப் போல மேல்பக்கத்தை வெட்டி, விதையைச் சுரண்டி, உள்ளே விரலால் உப்புத் தேய்த்துப் பலகையில் அரைமணி நேரம் கவிழ்த்து வைப்போம். தண்ணீர் இறங்கிவிடும். அதற்குள் பூண்டும் வெங்காயமும் வதக்கி, என் கணவர் கில்பர்ட் பின்கட்டில் புகை போட்டு எடுத்த சாசேஜைப் பொடியாக நறுக்கிப் போட்டால் எண்ணெய் செக்கச்சிவந்து பிரியும். கொத்தின பன்றிக்கறி, முக்கால் பதம் வெந்த சோறு. அடைத்து, தொப்பியை மேலே வைத்து அடுப்பில் ஒரு மணி நேரம்.

அன்றைக்கு உப்பை விரலால் தேய்க்கவில்லை. உள்ளங்கையால் அள்ளித் தேய்த்தேன்.

உப்பு என்றால் கடை உப்பு இல்லை. எங்கள் தீவுக்கு வடக்கே இருக்கும் கவாய் தீவில் என் சிநேகிதி ஹவுனானியின் குடும்பத்துக்குச் சிவப்பு மண் பாத்தி இருக்கிறது. அங்கே விளையும் உப்பை அவர்கள் விற்க மாட்டார்கள், கொடுக்கத்தான் செய்வார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பழைய மயோனைஸ் பாட்டிலில் எனக்கு வரும். ஒரு வருஷம் செங்கல் நிறம், ஒரு வருஷம் இளஞ்சிவப்பு. அந்தக் காலையில் அலமாரியில் கைவிட்டு எடுத்த பாட்டிலில் நல்ல ரோஜா நிறம். வழக்கத்தைவிட நைசாக இருந்தது. 'இந்தத் தடவை இடிச்சு அனுப்பியிருக்கா பாவம்' என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

இருபத்தேழு செய்தேன். இருபத்துநாலைத் தட்டில் அடுக்கினேன், வரிசைக்கு ஆறு, நாலு வரிசை. பதினோரு மணிக்குக் கில்பர்ட் அதை வண்டியில் கொண்டுபோய் ஒடீலியாவின் அடுக்களையில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றத் திரும்பி வந்தார். மீதி மூன்று வீட்டில் இருந்தன.

"ஒண்ணு குடு எர்மி. கோவில் பெரியவர் கரேரா ஜெபமாலை ஆரம்பிச்சா மூணு மணிக்குத்தான் சோறு."

"மகுடம் வர்ற நாள்ல முன்னாடியே திங்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"அது மகுடம் தங்குற வீட்டுக்காரிக்குத்தான் சட்டம். கடைசி விருந்தாளி சாப்பிடற வரைக்கும் என் தங்கச்சிதான் பட்டினி கெடக்கணும். எனக்கென்ன?"

அவர் கத்தியால் மிளகாயைப் பிளந்தார். முள்கரண்டியில் எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"கறி வேகலையே?"

"ஒரு மணி நேரம் அடுப்புல இருந்திருக்கு. வேகலையாம்!"

"பின்ன ஏன் ரோஸா இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். சாசேஜ் துண்டு சிவப்பாக இருக்கலாம். கொத்தின கறி வெந்தால் சாம்பல் நிறமாக வேண்டும். ஆனால் அது விளிம்பிலிருந்து உள்வரைக்கும் ஒரே ரோஜா நிறமாக இருந்தது, கடையில் ஹாம் என்று விற்கும் பதப்படுத்திய பன்றிக்கறி போல. கில்பர்ட் விரலால் நசுக்கினார். வெந்துதான் இருந்தது. முகர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள், அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எர்மி, எந்த உப்பப் போட்ட?"

"ஹவுனானி உப்பு. வேற எது?"

அவர் அலமாரியைத் திறந்தார். முன்னால் இருந்த பாட்டிலை எடுத்தார். பின்னால் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார். இரண்டும் மயோனைஸ் பாட்டில். பின்னால் இருந்ததில் ஹவுனானியின் உப்பு, கல்லுக்கல்லாய், மூடி திறக்காமல். முன்னால் இருந்தது முக்கால்வாசி காலி.

"இது என் சாசேஜ் உப்பு. கறி கெடாம இருக்கப் போடுற மருந்து."

"அந்தப் பொடி பின்கட்டுல, புகை போடுற கொட்டகையிலதான இருக்கும்!"

"கூரை ஒழுகுதுன்னு பாட்டில்ல கொட்டி இங்க கொண்டாந்து வெச்சேன். சொன்னேனே!"

"எங்கிட்ட சொன்னீங்களா, நாய்கிட்ட சொன்னீங்களா?"

அவர் இரண்டு பாட்டிலையும் மேஜையில் வைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

"நூறு பவுண்டு கறிக்கு ஒரு கைப்பிடி போடுவேன் எர்மி. நூறு பவுண்டுக்கு. அதுக்கே நிறுத்துப் போடுவேன். முன்னாடி தோட்டத்துல ஒருத்தன் இதச் சாதாரண உப்புன்னு நெனச்சு..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"நெனச்சு?"

"போன எடு. ஒடீயக் கூப்புடு."

கூப்பிட்டேன். அந்தப் பக்கம் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தால் வரும் ஓசை. மறுபடியும் அதே ஓசை. மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது: மகுடம் வரும் நாளில் போன் அலறக் கூடாது என்று ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருப்பாள். நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

வண்டியில் ஏறியதும் கில்பர்ட் அந்தச் சாசேஜ் உப்புப் பாட்டிலை என் மடியில் போட்டார். "டாக்டருக்குத் தேவப்படும்" என்றார். வண்டி கிளம்பியது. குக்குயிஹாலே ரோட்டில் எட்டு மைல். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஜெபிக்கவில்லை. ஒடீலியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, என் முன்னால் தொடாமலே குறை சொல்வாள், ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் தட்டின் மூலையில் ஒன்றைத் தின்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டே போனேன்.

கடைசி வளைவில் வண்டி நின்றது. முன்னால் ஊர்வலம். வெள்ளை உடுத்த சின்னப்பெண்கள், கொடி, நடுவில் வெள்ளித்தட்டில் மகுடத்தைத் தாங்கிப் பெரியவர் கரேரா. ரோடு முழுக்க ஆள். ஆமை வேகம்.

"ஹாரன் அடிங்க!"

"மகுடத்துக்குப் பின்னாலயா? எங்க அப்பா கல்லறையிலருந்து எழுந்து வந்து அறைவாரு."

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். விருந்துக்கென்று போட்ட செருப்பு ரோட்டோரச் சேற்றில் ஒன்று போயிற்று. ஒற்றைச் செருப்போடு, கையில் மயோனைஸ் பாட்டிலோடு, அறுபத்துமூன்று வயதில் மகுடத்தை முந்திக்கொண்டு ஓடினேன். பெரியவர் கரேரா பாட்டை நிறுத்தாமல் என்னை முறைத்தது நினைவிருக்கிறது.

ஒடீலியா வாசலில் நின்றாள். வெள்ளை லேஸ் உடை, செக்கச்சிவந்த உதட்டுச்சாயம்.

"என்ன அண்ணி இது கோலம்? பேய் துரத்துச்சா?"

அவளைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். தட்டின் மேல் மூடியிருந்த தாளை உருவினேன். ஆறு, ஆறு, ஆறு. கடைசி வரிசையில் நாலு. மூலையில் சிவப்பு எண்ணெய் தேங்கி நின்றது.

"யாரு எடுத்தது? ஒடீலியா, யாரு எடுத்தது?"

"யாரும் தொடல. நீங்க இருபத்திரண்டுதான் அனுப்பியிருப்பீங்க. உப்புதான் போடத் தெரியாதுன்னு நெனச்சேன், எண்ணவும் தெரியாதா?"

"அடியே, அதுல விஷம்டி! கில்பர்ட்டோட சாசேஜ் உப்ப மாத்திப் போட்டுட்டேன். தின்னவங்க செத்துப்போயிருவாங்க. நீ தின்னியா?"

ஒரு நொடி அவள் கண் தட்டின் மூலைக்குப் போய்த் திரும்பியது.

"நானா? மகுடம் வாசலுக்கு வர்ற நேரத்துல நான் திம்பேனா? என்னப்பத்தி என்ன நெனச்சீங்க?" குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் எதையும் பெரிசு பண்ணுவாரு. சத்தம் போடாதீங்க, ஆளுங்க வந்தாச்சு."

வந்துவிட்டார்கள். மணி அடித்தது. அவள் போய் மகுடத்தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் முட்டி போட்டார்கள். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று பெரியவர் கரேரா தொடங்கினார்.

நான் தட்டை அப்படியே தூக்கி, ஊர்வலத்துக்குப் பின்னால் வந்து நின்ற எங்கள் வண்டியில் வைத்துக் கில்பர்ட்டை அதற்குக் காவல் நிறுத்தினேன். பிறகு வீட்டைச் சுற்றி ஓடினேன். மேஜை விரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். இல்லை என்றார்கள். அடுக்களைக் கதவு காலையிலிருந்து திறந்தே கிடந்ததாம். மாமரத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், பன்னிரண்டோ பதிமூன்றோ.

"கண்ணுங்களா, மிளகாய் தின்னீங்களா? திட்ட மாட்டேன். வாயத் திறங்க. நாக்க நீட்டுங்க."

ஒவ்வொரு நாக்காகப் பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து ஒரு சின்னது அழ ஆரம்பித்தது.

திரும்பி உள்ளே வந்து சுவரோரமாய் நின்றேன். இருபது முப்பது முதுகுகள். இதில் யார் வயிற்றில் இருக்கிறது? யார் இன்னும் பத்து நிமிஷத்தில் சரியப்போகிறார்கள்? எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒடீலியா, மகுடத்தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி முட்டி போட்டிருந்தாள். வெள்ளித்தட்டு. வெள்ளை லேஸ். அந்த வெள்ளைக்கு நடுவே அவள் நகங்கள்.

சிலேட்டு நிறத்தில் இருந்தன.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

பெரியவர் கரேரா நிறுத்தவில்லை. ஆட்களை மிதித்துக்கொண்டு போய் ஒடீலியாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். என் பாவாடைக் கோடியாலேயே அவள் உதட்டை அழுத்தித் துடைத்தேன். சாயம் போன இடத்தில் நாவல்பழம் தின்ற வாய் போல இருந்தது.

"மூச்சு வாங்குதா?"

"தலை மட்டும் வலிக்குது அண்ணி" என்றாள் ரகசியமாக. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி!"

தட்டு அவள் கையிலிருந்து சாய்ந்தது. மகுடத்தைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். அவளை நான் பிடித்துக்கொண்டேன்.

வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்த்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கில்பர்ட் அடித்த ஹாரன் இருக்கிறதே, வானத்துக்கே கேட்டிருக்கும்.

"ஒண்ணா ரெண்டா? ஒடீலியா, நீ தின்னது எத்தன?"

அவள் தலை என் தோளில் ஆடியது. மூச்சு நாய் இளைப்பது போல வந்தது.

"இன்னொண்ண யாரு தின்னது? புள்ள யாராவதா? சொல்லுடி!"

சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றா, முடியவில்லையா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்து ஊசியில் ரத்தம் இழுத்தார்கள். அது ரத்த நிறத்தில் இல்லை. கருங்காப்பி. நர்ஸ் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மருத்துவரைப் பார்த்தாள். நான் மயோனைஸ் பாட்டிலை அவர் கையில் திணித்தேன். கில்பர்ட் சொல்லச் சொல்ல அவர் இரண்டு வார்த்தைதான் கேட்டார், பிறகு ஓடினார்.

மருந்து வந்தது. மை போன்ற கடும் நீலம். நீலம் பாய்ந்தவளுக்கு நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று நர்ஸின் கையைப் பிடித்தேன்.

மூக்குக்கும் வாய்க்கும் காற்றுக் குழாய் மாட்டியிருந்தது. நான் அவள் காதில் குனிந்தேன்.

"ஒடீலியா, கேளு. அங்க பதிமூணு புள்ளைங்க இருக்கு. உன் மானத்த நான் பாத்துக்கறேன். நான்தான் உன் வாயில ஊட்டினேன்னு ஊர்ல சொல்றேன். எத்தன தின்ன?"

கண் திறக்கவில்லை. போர்வைக்கு வெளியே கை அசைந்தது. நீல நகத்தோடு ஒரு விரல் எழுந்தது.

அப்படியானால் இன்னொன்றைத் தின்ற பிள்ளை எது?

பிறகு, மெதுவாக, இரண்டாவது விரலும் எழுந்தது.

நான் தாழ்வாரத்துக்கு ஓடிப்போய் அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். யாரோ புண்ணியவான் ரிசீவரைத் திரும்பப் போனில் வைத்திருந்தான். மணி அடித்தது. பெரியவர் கரேராவே எடுத்தார்.

"புள்ளைங்க யாரும் தின்னல. ரெண்டும் அவதான். ரெண்டும் அவதான்" என்றேன். அந்தப் பக்கம் யாரோ "அருள் நிறைந்த" என்று மறுபடி தொடங்குவது கேட்டது.

அரைமணி நேரத்தில் அவள் நகம் வெளுத்தது. ஒரு மணி நேரத்தில் சிவந்தது. அந்த உப்பு ரத்தத்தில் காற்றைத் தங்கவிடாதாம், பாட்டிலைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் இதயத்தில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்போம் என்று மருத்துவர் சொன்னார். சாயங்காலம் குழாயைக் கழற்றினார்கள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஒற்றைச் செருப்போடு.

"அண்ணி."

"என்னடி?"

"முதல் ஒண்ணு உப்பு பாக்கத்தான் எடுத்தேன்."

"ரெண்டாவது?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"சரியா இருந்துச்சு. முப்பது வருஷத்துல முதல் தடவ. அதான் இன்னொண்ணு."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவள் மார்புவரை போர்வையை இழுத்துவிடக் கையை நீட்டினேன். அதை அவள் தன் இரண்டு கைக்கும் நடுவில் வாங்கி அழுத்திக்கொண்டாள்.

"மிச்சம் இருபத்திரண்டு என்னாச்சு?" என்றாள்.

"உங்கண்ணன் வீட்டுக்குப் பின்னால இடுப்பளவு குழி தோண்டிப் பொதச்சிட்டாரு. மேல கல்லு வெச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஆமாடி."

ஒடீலியா கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.