மல்லாட்டையைச் சுற்றி வைத்த கற்கள்

1

“ஏம்மா, இந்தக் கல்லையெல்லாம் யார் வச்சது?” என்று ஒரு போலீஸ்காரர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். இந்தக் கதை அங்கே பிறந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் கதை எழுதுவது யாருக்கும் தெரியாது. நோட்டு தவிட்டுப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

2

கல்வராயன் மலைப்பக்கமிருந்து வெள்ளிப் பறவைபோல ஒரு—

(அடித்துவிட்டேன். கெட்டுப்போன மோட்டார் பம்புபோல இருமிக்கொண்டுதான் வந்தது அந்த விமானம்.)

மறுபடியும்: எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப்போட்ட வாரம். என் அண்ணன் வீரமுத்து அதில் இருந்தான். போலீஸுக்குப் பயந்து கம்பங்கொல்லையில் ஒளிந்திருந்தான். எலவனாசூர்கோட்டைக்கு அந்தப் பக்கம், இரண்டாம் உலகச் சண்டைக்காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடக்கிறது. அதில்தான் ஊரே மல்லாட்டை காயவைக்கும். (நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) மாட்டுவண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்போம். விமானம் வருமென்று யார் நினைத்தார்கள்? அன்று கல் வைத்தவள் நான்.

3

விமானம் ஓட்டப் பழகும் மாணவன், தனியாக வந்தவன், இன்ஜின் கோளாறாகி அங்கே இறக்கினான். சக்கரம் என் கல்லில் மோதி ஒடிந்தது. விமானம் மூக்கைத் தரையில் குத்தி நின்றது. கொல்லையிலிருந்து ஓடிவந்து அவனை வெளியே இழுத்தவன் அண்ணன்தான். நெற்றியில் ரத்தத்தோடு அந்த மாணவன் மல்லாட்டையை மிதிக்காமல் சுற்றி நடந்தான். (இதைப் பார்த்தேனா, பிறகு சேர்த்தேனா? தெரியவில்லை.)

4

“வாயில இன்னா, கொழுக்கட்டையா?” என்றார் போலீஸ்காரர், குனிந்திருந்த என்னைப் பார்த்து.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது சார். மல்லாட்டைக்கு வச்சது. நான்தான் வச்சேன்” என்றான் அண்ணன்.

“ரோட்டுல மரம், இங்க கல்லு. ஆகாசத்தையும் மறிக்கிறியாடா?”

அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

5

முதல் முடிவு: “நான்தான் வச்சேன்” என்று நான் சொல்கிறேன். அண்ணனை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் முடிவு: நான் சொல்கிறேன். அவர்கள் நம்பவில்லை.

(இரண்டிலும் நான் பேசுகிறேன், கவனித்தீர்களா? மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். நாலு வரி விட்டிருக்கிறேன்.)

6

இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஜெயிலிலிருந்து வந்தான். நான் எழுதிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை போலிருந்தது. திடீரென்று நோட்டை வாங்கினான்.

“இன்னாடி எழுதிக்கினே கீற?”

விரலை வைத்து மெதுவாகப் படித்தான். முதல் முடிவில் விரல் நின்றது.

“இத எப்ப சொன்ன நீ?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நோட்டை மூடி என் மடியில் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.